நமக்கென்று ஒரு கூடம்

"அம்மா, இந்த வீட்டுக்குள்ளே ஆம்பிளைப் பசங்க மட்டும்தான் சேரலாமாமே, ஏன்?"

பத்து வயது மகள் நடுத்தெருவில் இப்படிக் கேட்டபோது, ஒரு கையில் மளிகைப் பை, மறு கையில் சின்னவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2016-ம் வருஷம். என் கணவரின் வேலை நிமித்தம் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் குடியிருந்தோம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம்தான். அதை ஒட்டியே 'ஃபைனல் கிளப்' எனப்படும் மாணவர் கிளப்புகளின் பழைய கட்டடங்கள்.

இவை லேசுப்பட்டவை அல்ல. போர்செல்லியன் என்ற கிளப் 1791-ல் தோன்றியது. பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் அதில் அங்கத்தினர். அவருக்கு உறவான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை அதே கிளப் சேர்த்துக்கொள்ளவில்லை! "பெண்களையும் சேருங்கள்" என்று பல்கலைக்கழகம் வற்புறுத்தியதும், 1984-ல் இந்தக் கிளப்புகள் பல்கலைக்கழகத்தின் உறவையே முறித்துக்கொண்டன. பெண்கள் சும்மா இருப்பார்களா? 1991-ல் 'தேனீ' என்று பொருள்படும் 'பீ' கிளப்பைத் தொடங்கினார்கள். 'சொராரிட்டி' என்ற சகோதரிச் சங்கங்களும் வந்தன.

2016 மே மாதம் ஹார்வர்டின் முதல் பெண் தலைவரான ட்ரூ ஃபாஸ்ட் ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தார். 2017 முதல் சேரும் மாணவர்கள், ஆண் மட்டும் அல்லது பெண் மட்டும் உள்ள கிளப்பில் இருந்தால், மாணவர் அமைப்புகளில் தலைமைப் பதவி இல்லை, விளையாட்டுக் குழுவில் கேப்டன் பதவி இல்லை, ரோட்ஸ் போன்ற பெரிய உதவித்தொகைகளுக்குக் கல்லூரியின் சிபாரிசும் இல்லை.

'நல்ல அடி!' என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான மாணவிகள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். "எங்களுக்கென்று இருக்கும் இடத்தை ஏன் பறிக்கிறீர்கள்?" என்பதே அவர்கள் கேள்வி.

எனக்குச் சுருக்கென்றது. சின்னவன் பிறந்த புதிதில் பால் சரியாகச் சுரக்காமல், காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தேன். டாக்டரிடம் போகும் தைரியத்தைக் கொடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடும் எங்கள் தமிழ்ப் பெண்கள் கூட்டம்தான். ஒரு ஆண்பிள்ளை அங்கே இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா?

கட்டுப்பாட்டின் பலன் என்ன? 2018-ல் டெல்டா காமா என்ற சகோதரிச் சங்கம் அங்கே தன் கிளையை மூடியது. வேறு சில, பெயரை மாற்றிக்கொண்டு ஆண்களுக்கும் இடம் தந்தன. சொந்தக் கட்டடமும் பணபலமும் உள்ள பழைய ஆண்கள் கிளப்புகள் சிலவோ அசையவேயில்லை! அந்த வருஷ டிசம்பரில் வழக்குகள் தொடரப்பட்டன. ஆண்கள் கிளப்பில் சேர்ந்தவனுக்குத் தண்டனை, அவன் ஆணாக இருப்பதால்தானே? அதுவே ஒரு பாகுபாடு இல்லையா என்பது வாதம். 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேலையிடப் பாகுபாடு பற்றி வேறொரு வழக்கில் சொன்ன தீர்ப்பு இந்த வாதத்துக்குப் பலம் தரவே, அந்த மாதமே ஹார்வர்டு கட்டுப்பாட்டைக் கைவிட்டது.

இப்போது என் மகள் கல்லூரிக்குப் போகும் பருவம். பெண்கள் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். "பதவியும் சிபாரிசும் கிடைக்கிற கதவு எல்லாருக்கும் திறக்கணும். மனசு விட்டு அழுகிற கூடம் நமக்குன்னு இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவள் விடவில்லை. "உங்க வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேதானேம்மா நல்ல ஸ்கூல் எது, யார் வீடு காலியாகுதுன்னெல்லாம் தெரியும்? எதிர் பிளாட்டுக்குப் புதுசா வந்த ஆன்ட்டியை ஆறு மாசம் கூப்பிடவே இல்லையே, அவங்க என்ன பண்ணியிருப்பாங்க?"

உண்மைதான். அவரும் கைக்குழந்தைக்காரி. வேண்டுமென்று ஒதுக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழைய கிளப்காரர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்?

சகோதரிகளே, நமக்கென்று ஒரு கூடம் கட்டாயம் வேண்டும். ஆனால் அடுத்த முறை கூடும்போது, வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.