ஒரே டிக்கெட்டில் கொழும்பு!

குட்டீஸ்! மார்கழி மாதக் காலையில் திருமயம் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்மாய், வயல் எல்லாவற்றையும் பனி மூடியிருக்கும். பாறையும் அதன் மேலுள்ள கோட்டையும் மட்டும், கடலுக்கு நடுவே தீவு மாதிரி தலை நீட்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள இந்தக் கோட்டையை 1687-ல் கட்டியவர், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி. 'சேதுபதி' என்றால் சேதுவின் காவலர் என்று பொருள். கடலே இல்லாத ஊரில் கோட்டை கட்டியவருக்குக் கடற்கரைப் பட்டம்! அவர் காவல் காத்த அந்தச் சேதுக்கரைக்கு, தனுஷ்கோடிக்கு, ஒரு நாள் போய் வருவோமா? வழி சுலபம். திருமயம் வழியாகச் செல்லும் ரயில் பாதை காரைக்குடி, மானாமதுரை, ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரத்தில் முடிகிறது.

மண்டபம் தாண்டியதும் ஜன்னலோரம் வந்துவிடுங்கள். பாம்பன் பாலம்! 1914-ல் திறந்த பழைய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளைத் தூக்குவது போலப் பிரிந்து மேலே எழுந்தது. அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலோ, நடுப்பகுதி லிப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போகிறது.

ராமேஸ்வரத்தில் இறங்கி, சாலை வழியாகச் சுமார் 20 கிலோ மீட்டர் போனால் தனுஷ்கோடி. நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். இடது கைப்பக்கம் பாக் நீரிணை, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் கொஞ்சம் மணல். காற்றில் பறக்கும் உப்புத் தூவானம் தூரத்தை மறைத்துவிடும்.

ஒரு காலத்தில் இது பரபரப்பான துறைமுகம். இங்கே கடலுக்கு அடியில் மணல் திட்டுகள் அதிகம். பெரிய கப்பல்கள் கடக்க முடியாமல் இலங்கையைச் சுற்றித்தான் போகும். அதனால் வெள்ளைக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறிய நீராவிக் கப்பல். மறுபடி கொழும்புக்கு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! அந்த ரயிலுக்குப் பெயர் 'போட் மெயில்'. இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்தக் கடலில் ஓடின. ஊரில் ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பெரும் புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, ஊருக்கு அருகே அலை வாரிக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊரே இல்லை. 'இது மனிதர் வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் அதற்குப் பிறகு ரயில் வரவே இல்லை. தேவாலயத்தின் சுவர்களை இன்றும் பார்க்கலாம். சுவரில் பவளப்பாறைக் கற்கள் இருக்கின்றன, கவனியுங்கள்.

ஆனால் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். உப்புக் கடலுக்கு நடுவே குடிக்கத் தண்ணீர்? மணலில் கையால் பள்ளம் தோண்டுகிறார்கள். கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது! மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது அல்லவா? அதனால் மணலுக்குள் அது மேலாகத் தங்கிவிடுகிறது. ரொம்ப ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். எவ்வளவு தோண்டலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சாலை முடியும் இடம் அரிச்சல்முனை. 2017-ல்தான் அதுவரை தார்ச்சாலை வந்தது. அங்கே நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். அமைதியாக இருக்கும் வடகடலுக்குப் பெண்கடல் என்றும், குமுறும் தென்கடலுக்கு ஆண்கடல் என்றும் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது கதை மாறிவிடும். பெண்கடல் பொங்கும், ஆண்கடல் சாதுவாகக் கிடக்கும்! நீங்கள் போகும் மாதத்தில் எது குமுறுகிறது என்று குறித்து வாருங்கள். எந்தப் பக்கமும் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.