சனிக்கிழமைச் சம்பளமும் மாதம் ஆயிரமும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் திருப்பூர் ராயபுரம் பக்கம் நடந்தால் கம்பெனி வாசல்களில் தொங்கும் அட்டைகள் கண்ணில் படும்: ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி, ஆட்கள் தேவை. மார்க் ஷீட் யாரும் கேட்பதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமையானால் கையில் காசு. லீவுக்குப் பிசிர் வெட்டப் போன பிள்ளை ஜூனில் கல்லூரி வாசலை மிதிக்காமலே போய்விடுவது இப்படித்தான். இந்த ஊரில் படிப்போடு மல்லுக்கு நிற்பது அந்தச் சனிக்கிழமைச் சம்பளம்.

இங்கே அரசு கொடுக்கும் கல்வி உதவித்தொகையை அந்தச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவ 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வந்தது. பிற்காலத்தில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022இல் அதே பெயரில் அது படிப்புக்கான பணமாக மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது.

கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்ட’ மில்கள் இருந்த வட்டாரம் இது. கல்யாணப் பணம் படிப்புப் பணமானதன் அருமை இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஹெல்பர் வேலையில் இதே ஆயிரத்தைச் சம்பாதிக்க ஒரு வாரம்கூட ஆகாது, உண்மைதான். ஆனாலும் பரீட்சைக் கட்டணத்துக்கும் நாப்கினுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் இருக்க முடிவது ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ஆதங்கம் விதிகளின் மேல்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களைப் பிறகு சேர்த்தார்கள். ஆர்டர் நிறைய வந்த வருஷம் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் போட்டுவிட்டு, கையைக் கடித்ததும் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றுவது பனியன் தொழிலாளி வீடுகளில் நடப்பதுதான். கொரோனா காலத்தில் அப்படி வந்தவர்கள் ஏராளம். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தால் போதும், அந்த ஆயிரம் கிடையாது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இதைவிட மூத்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கர் வாதாடிப் பெற்ற ஒதுக்கீட்டின் வழியே 1944இல் தொடங்கியது. 2021இன் புதிய விதிகளில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம் ஏற்கின்றன. குடும்ப வருமான வரம்பை மட்டும் பழைய 2.5 லட்சத்திலேயே விட்டுவிட்டார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கு மாதம் 11,000 சம்பாதித்தால் ஆண்டுக்கு 2,64,000, வரம்பு தாண்டிவிட்டது. பன்னிரண்டு மாதமும் வேலை இருந்தால்தான் இந்தக் கணக்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, பல கம்பெனிகளில் ஆர்டர் நின்று ஷிப்ட் குறைந்தது. கையில் இருக்கும் வருமானச் சான்றிதழுக்கு அது எப்படித் தெரியும்?

அதே அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக 1964க்கு முன்பு தொடங்கிய கல்லூரிகளைத் தனியாக அடையாளம் கண்டு உதவ 1965இல் சட்டம் வந்தது. 1837இல் பிறந்த செய்னி அவற்றில் மூத்தது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் பெல் கிராண்ட் என்னும் அரசு உதவி பெறும் எளிய வீட்டுப் பிள்ளைகள். பெற்றோருக்கு வேலை போனால், பழைய வருமானக் கணக்கை ஓரமாக வைத்து, இன்றைய நிலையைப் பார்த்து உதவியைத் திருத்தக் கல்லூரி அலுவலருக்கே சட்டம் அதிகாரம் தருகிறது. சீசனை நம்பி வாழும் திருப்பூருக்கு வேண்டியது அந்த அதிகாரம்தான்.

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலும் அதை முதலில் கொடுத்துப் பார்க்கலாம். சேர்க்கையின்போதே முதல்வர் விசாரித்து, வேலை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு ஜூன் மாதத்திலேயே முதல் தவணை கிடைக்கச் செய்ய வேண்டும்.