மணிக்கட்டில் ஒரு வழிகாட்டி



கடிகாரம் நேரத்தைக் காட்டும் கருவி. இடத்தைக் காட்டுவது அதன் தொழிலன்று என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், நேரத்தை நுட்பமாக அறிந்தவன் இடத்தையும் நுட்பமாக அறிவான் என்பது கடலோடிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்ட உண்மை. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கு 24 மணித்தியாலம் செல்கிறது. ஆகவே, 4 நிமிட வேறுபாடு ஒரு பாகை நெடுங்கோட்டு வேறுபாட்டுக்குச் சமமாகும். நடுக்கடலிற் செல்லும் மாலுமி, தான் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பானாயின், சூரியன் உச்சிக்கு வரும் வேளையை அதனோடு ஒப்பிட்டு, தான் எவ்வளவு தூரம் கிழக்கே அல்லது மேற்கே வந்துள்ளான் என்று கணித்துக்கொள்வான். அலையில் ஆடும் கப்பலிலும் தவறாது ஓடும் அத்தகைய கடிகாரத்தை 18ஆம் நூற்றாண்டில் ஆக்கித் தந்தவர் ஜோன் ஹரிசன் என்னும் ஆங்கிலேயத் தச்சர். 1761ஆம் ஆண்டு ஜமெய்க்காவுக்குச் சென்ற கப்பலில் அவருடைய கடிகாரம் சோதிக்கப்பட்டது.

இன்று அதிகாலையில் வீதியோரமாக ஓடிப் பயிலும் இளைஞரின் மணிக்கட்டில் நாம் காணும் ஜீ.பி.எஸ். கைக்கடிகாரத்தை, அந்தப் பழைய கடிகாரத்தின் வழித்தோன்றல் எனலாம். ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அது காட்டும் என்பதைப் பலர் அறிவர். அறியாத ஊரில், ஆளரவமற்ற மலைப்பாதையில், எப்பக்கம் திரும்பவேண்டும் என்று வழிகாட்டவும் அது வல்லது என்பதைச் சிலரே அறிவர். அவ்வாறு வழிகாட்டும்போது அக்கருவி எதை அறிந்திருக்கிறது, எதை அறியாதிருக்கிறது என்று தெரிந்து பயன்படுத்துவோர் அவரினும் சிலர். அந்த வேறுபாட்டை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மின்னலைக் கண்டவுடன் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மூன்று செக்கன் கழித்து இடி கேட்டால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் தோன்றியது எனலாம். ஓர் ஒலியோ ஒளியோ வந்துசேர எடுக்கும் காலத்தை அறிந்தால் அது புறப்பட்ட இடத்தின் தூரத்தை அறியலாம் என்பதே இதிலுள்ள தத்துவம். ஜீ.பி.எஸ். என்னும் ஏற்பாடும் இத்தத்துவத்தின் மீதே நிற்கிறது.

நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஜீ.பி.எஸ். செய்மதிகள் பூமியை வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. "நான் இன்ன செய்மதி, இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது நேரம் இன்னது" என்ற செய்தியை ஒவ்வொரு செய்மதியும் ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. அச்செய்தி ஒளியின் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில், நம்மை வந்தடைகிறது. தலைக்கு நேர்மேலே நிற்கும் செய்மதியிலிருந்து அது வந்துசேர ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கே செல்லும். அந்தச் சிறு பொழுதை அளந்து கைக்கடிகாரம் தூரத்தைக் கணிக்கிறது. ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறுகளாக்கி, அவற்றுள் ஒரு கூறு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் பிழைத்துவிடும். அணுக்கடிகாரத்தின் தேவை இதனால் விளங்கும்.

ஒரு செய்மதியின் தூரத்தை மட்டும் அறிந்தால் நாம் நிற்கும் இடம் புலப்படாது. மூன்று செய்மதிகளின் தூரங்களை அறிந்தால், கேத்திரகணித வகுப்பில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைக் காண்பதுபோல, இடத்தைக் காணலாம். ஆயினும் நம் கையிலிருப்பது அணுக்கடிகாரமன்று. அதன் நேரப் பிழையைத் திருத்திக்கொள்வதற்கு நான்காவது செய்மதி ஒன்றும் வேண்டும். ருஷியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்பனவும் இத்தகைய ஏற்பாடுகளே. இக்காலத்துக் கைக்கடிகாரங்களுட் பல இவற்றையும் சேர்த்துக் கேட்க வல்லவை. திறந்த வானத்தின் கீழே பிழை பொதுவாக ஐந்து மீற்றர் அளவில் அமையும்.

"கேட்க வல்லவை" என்று கூறினேன். அச்சொல்லை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். ஜீ.பி.எஸ். கைக்கடிகாரம் உங்கள் வீட்டு வானொலிப் பெட்டியைப் போன்றது. நீங்கள் இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை ஒலிபரப்பு நிலையம் அறியாது. அவ்வாறே, நீங்கள் எந்த மலையிடுக்கில் நிற்கிறீர்கள் என்பதைச் செய்மதி அறியாது. இடத்தை அறிவது உங்கள் கைக்கடிகாரம் மட்டுமே. "செய்மதி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வழி தவறினால் யாரேனும் வருவர்" என்று நம்பிச் செல்பவர், தவறான நம்பிக்கையோடு செல்கிறார். கைத்தொலைபேசி வழியாக வீட்டாருக்கு இடத்தை அறிவிக்கும் வசதி பல கடிகாரங்களில் உண்டு. தொலைபேசி அலை எட்டாத இடத்தில் அது பயன் தராது. அண்மைக் காலத்துச் சில விலையுயர்ந்த கருவிகள் செய்மதி வழியாகவே உதவி கோரவல்லன. அது முற்றிலும் வேறான ஓர் ஏற்பாடு.

இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. அதன் வானொலி அலையைக் கேட்டு, அது செல்லும் பாதையைக் கணிக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். செய்மதியின் பாதை தெரிந்திருந்தால், கேட்பவன் தன் இடத்தைக் கணிக்கலாம் என்பது அதன் மறுதலை. முதலாவது ஜீ.பி.எஸ். செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் ஏற்பாடு முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஏறத்தாழ நூறு மீற்றர்வரை இடம் பிழைக்கக்கூடும். நூறு மீற்றர் பிழைக்கும் கருவியைக் கொண்டு மலைச்சந்தியில் இடமா வலமா என்று தீர்மானித்தல் இயலாது. 1999இல் கசியோ நிறுவனம் ஜீ.பி.எஸ். கைக்கடிகாரம் ஒன்றை வெளியிட்டது. 2003இல் கார்மின் நிறுவனம் ஓடுவோருக்கென்றே போரன்னர் என்னும் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் இக்கருவி உலகெங்கும் பரவியது.

இனி, வழிகாட்டும் முறைக்கு வருவோம். நம் மலையகத்தையே எடுத்துக்கொள்ளலாம். கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, தேயிலைத் தோட்டங்களினூடே, பீக்கோ ட்ரெயில் என்னும் நெடும்பாதை செல்கிறது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும், அப்புத்தளை மலைத்தொடரும் அதன் வழியில் உள்ளன. நடப்பதற்கென வகுக்கப்பட்டதாயினும், மலையோட்டம் பயில்வோருக்கும் அது ஏற்றது. தோட்டப் பாதைகளின் இயல்பை அங்கு வளர்ந்தோர் அறிவர். தொழிற்சாலைக்குச் செல்லும் வீதி ஒன்று. லயத்துக்குச் செல்லும் குறுக்குப்பாதை ஒன்று. கொழுந்து பறிப்போர் மலைக்கு ஏறும் ஒற்றையடிப்பாதைகள் பல. யாவும் ஒன்றுபோலவே தோன்றும். சென்ற ஆண்டு பச்சைப்பசேலென்று நின்ற மலை, கவ்வாத்து வெட்டியபின் அடையாளமே தெரியாது. மூடுபனி இறங்கினாலோ பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தோன்றாது. செய்மதியின் அலைகளை மூடுபனி மறைக்காது. ஆகவே, கண் பயன்படாத அந்த வேளையிற் கைக்கடிகாரத்தின் பயன் பெரிது.

ஓடுபவர் முதலில் வீட்டிலிருந்தே தம் வழியைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ கோடாக அமைத்து, கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்கிறார். இக்கோடு உண்மையிற் புள்ளிகளின் வரிசையே. தேசப்படத்தின் மீது விரலால் வரைந்த கோடும் உண்டு; முன்னர் ஒருவர் ஓடிப் பதிந்த தடமும் உண்டு. பின்னையதே பெரிதும் நம்பத்தக்கது. புள்ளிகள் குறைவாக இருந்தால் கோடு வளைவுகளை வெட்டிக்கொண்டு நேரே செல்லும். அங்கே பாதை இராது, பள்ளம் இருக்கும். எனவே, கோட்டைக் கடிகாரத்தில் ஏற்றுமுன் தேசப்படத்தின் மீது வைத்து முழுவதும் பார்த்தல் நன்று. எத்தனை மீற்றர் ஏற்றம், எங்கே ஓடை, எந்தச் சந்தியிற் கோயில் என்பவற்றை மனத்திலோ சிறு தாளிலோ குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் கடிகாரத்தின் திரையில் அக்கோடும், ஓடுபவரைக் குறிக்கும் அம்பும் தோன்றும். மலிவான கடிகாரங்களில் வெறுவெளியிற் கோடு மட்டுமே இருக்கும். விலைகூடியவற்றில் வீதிகளும் ஆறுகளும் கொண்ட தேசப்படமும் இருக்கும். கோட்டை விட்டு விலகினால் கடிகாரம் அதிர்ந்து எச்சரிக்கும். ஆயினும் அவ்வெச்சரிக்கை விலகிய கணத்திலேயே வருவதில்லை. சில பத்து மீற்றர்கள் சென்றபின்னரே வரும். இறக்கத்தில் வேகமாக ஓடுபவர் அதற்குள் வேறொரு பாதையில் நெடுந்தூரம் இறங்கியிருப்பார். ஆகையாற் சந்திக்கு முன்னரே திரையைப் பார்த்து, சந்தியில் வேகத்தைக் குறைத்து, திரும்பிய பின்னர் மீண்டும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்போது பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். போகும்போது கண்ட பாதை வரும்போது வேறாகத் தோன்றும். திரும்பிவர நேர்ந்தால் அந்த ஒரு பார்வை உதவும்.

கருவி தடுமாறும் இடங்களும் உள. கொண்டையூசி வளைவுகளில் மேல்வீதிக்கும் கீழ்வீதிக்கும் இருபது மீற்றர் இடைவெளியே இருப்பதுண்டு. எதில் நிற்கிறோம் என்பதைக் கடிகாரம் மாற்றிக் காட்டக்கூடும். செங்குத்தான பாறையருகிலும், மழையில் நனைந்த அடர்காட்டினுள்ளும் அலைகள் தடைபட்டும் தெறித்தும் வருவதாற் பிழை மிகும். அசையாது நின்றால் நாம் எத்திசையை நோக்கி நிற்கிறோம் என்பதைச் செய்மதியைக் கொண்டு அறிய முடியாது. கடிகாரத்திற் காந்தத் திசைகாட்டி இல்லையாயின் அம்பு தாறுமாறாகச் சுழலும். அப்போது ஐயமுற வேண்டியதில்லை; இருபது அடி நடந்தால் அம்பு நிலைப்படும். மின்கலத்தைச் சேமிப்பதற்காக இடத்தை நீண்ட இடைவெளிவிட்டுப் பதியும் முறையை வைத்தால், வளைவுகள் தவறிப்போம். வழி அறியாத இடத்தில் அச்சிக்கனம் கூடாது.

இவையெல்லாம் கருவியின் நுட்பம் பற்றியவை. இவற்றினும் பெரிதான ஒன்று உண்டு. கைக்கடிகாரம் உங்கள் இடத்தை அறியும். கோட்டின் இடத்தையும் அறியும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தையே அது காட்டுகிறது. கோடு செல்லும் நிலத்தின் நிலைமையை அது அறியாது. நேற்றைய மழையில் ஓடை பெருகியதையோ, பாலம் சரிந்ததையோ, பாதை அடைக்கப்பட்டதையோ அது அறியாது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். எத்தனையோ உயிர்கள் அங்கே மண்ணுக்குள் மறைந்தன. மலையின் உருவம் ஒரு காலைப்பொழுதில் மாறியது. அத்தகைய மாற்றத்தின் பின்னரும் பழைய கோடு பழையபடியே இருக்கும். கோடு பிழைபடவில்லை; நிலம் மாறிவிட்டது. மழைக்காலத்து மலைப்பாதையில், கோடு இப்பக்கம் போ என்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காலை முன்வைத்தல் அறிவுடைமையாகாது.

அந்நிலத்தை அறிந்தவர் யார்? அங்கே வாழ்பவர். காலையிற் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறும் அம்மா, எந்தக் கான் உடைந்திருக்கிறது, எந்தப் பாதையில் மண் இறங்குகிறது என்பதை நேற்றுவரை அறிந்தவர். "அம்மா, இந்தப் பாதையாற் போகலாமா?" என்று நின்று கேட்பதற்கு அரை நிமிடமே செல்லும். ஓட்டத்தின் வேகக்கணக்கில் அது குறைவாகத் தோன்றுமே என்று தயங்குவோர், எதற்காக ஓடுகிறோம் என்பதை மறந்தவராவர்.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் தனியே தொலைதூரம் ஓடச் செல்லும்போது, செல்லும் வழியின் படமும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவரிடம் இருத்தல் வேண்டும். மேற்கூறியபடி கடிகாரம் கேட்குமேயன்றிப் பேசாது. ஆதலால் பேசவேண்டியவர் நாமே. நம் நாட்டிற் சூரியன் மறைந்து அரைமணி நேரத்துள் இருள் சூழ்ந்துவிடும். மிச்சமுள்ள தூரத்துக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்று கடிகாரம் கூறுவது பெரும்பாலும் அதுவரை ஓடிய வேகத்தைக் கொண்டே. ஏற்றம் வந்தால் அக்கணக்குப் பொய்க்கும். எனவே, இன்ன மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று புறப்படுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். அந்த மணி வந்ததும், வந்த தடத்திலேயே திருப்பி அழைத்துச் செல்லும் வசதி பல கடிகாரங்களில் உண்டு. அதனை இயக்கும் முறையைப் பழகிய மைதானத்திற் பகல்வேளையில் பயின்றுகொள்க.

ஹரிசனுடைய கடிகாரத்தைக் கொண்டு சென்ற மாலுமியும், தன் இடத்தைக் கணித்தபின் கடிகாரத்தை மூடிவைத்துவிட்டுக் கடலையும் காற்றையும் பார்த்தே கப்பலைச் செலுத்தினான். கணிப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். தீர்ப்பை ஒப்படைத்தல் ஆகாது. மணிக்கட்டைப் பார்க்கும் நேரத்தினும் மலையைப் பார்க்கும் நேரம் மிகுதியாக இருக்குமாயின், இக்கருவியைப் போன்ற நல்ல துணை ஓடுவோருக்கு வேறில்லை.