மிதிவண்டியில் பணிக்குச் செல்வோருக்கு வரிச்சலுகை உண்டா?

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பணிபுரியும் நீரிழிவு நோயாளர் சிலர் இதனை எங்களிடம் வினவுகின்றனர். பிரித்தானியாவில் 1999 முதல், பணிக்குச் சென்றுவர நிறுவனம் இரவலாக வழங்கும் மிதிவண்டிக்குத் தொழிலாளர் வருமான வரி செலுத்த வேண்டுவதில்லை. நம் நாட்டில் மிதிவண்டிக்கெனத் தனிச் சலுகை இல்லை. நிறுவனப் பேருந்தில் ஆலைக்குச் செல்லும் வசதி வரிக்கு உட்படாது. மிதிவண்டிக்கோ தனிக் கழிவு கிடையாது. இது எங்களுக்கு முறையாகத் தோன்றவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டி மீதான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பது சிறு ஆறுதல்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்த்தல் வேண்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் புண் உடையோர், பார்வை மங்கியோர் மருத்துவரைக் கேளாமல் மிதிவண்டி ஏற வேண்டா. இரவுப்பணி முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கனரக வாகனங்களிடையே வருவதினும் அன்று நிறுவனப் பேருந்தே நன்று.