பாட்டைப் பிடித்துக்கொண்டு தெருவை விட்டுவிட்டோம்

கேரி ஃபிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களின் நடுவில் ஒரு பாட்டின் வரிகளைத் தாளில் அச்சடித்து ஆட்களிடம் கொடுத்தார். காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த பாட்டு. சிலரிடம் இது 'கன்ட்ரி' பாட்டு என்றார். வேறு சிலரிடம் ராப் என்றார். வரிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் ராப் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது ஆபத்தானதாகவும் கட்டுப்படுத்த வேண்டியதாகவும் தோன்றியது. பாடியவர் என்று ஒரு கறுப்பின இளைஞரின் படத்தைக் காட்டியபோதும் அப்படியே. உண்மையில் அது கிங்ஸ்டன் ட்ரியோ என்ற வெள்ளையர் குழு 1960-இல் பாடிய பாட்டு.

பிள்ளைகளின் நடத்தையைத் தீர்மானிப்பது ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப்பா, வளர்ப்பா என்ற வழக்கு அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கும் மேலாக நடக்கிறது. அந்த வழக்கைப் பற்றிப் பேசுமுன் இந்தச் சோதனையைச் சொல்லக் காரணம், பாட்டை எடைபோடும் தராசு முதலிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான்.

பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்ற முறையீடு 1985-இல் அமெரிக்க செனட் வரை போனது. அப்போது முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டவை ராக், பாப் பாடல்கள். இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை வாசகம் அச்சானது அதன் விளைவுதான். நான்கே ஆண்டுகளில் பார்வை ராப் பக்கம் திரும்பியது. காவல்துறையைத் திட்டிய ஒரு பாட்டுக்காக என்.டபிள்யூ.ஏ. குழுவின் இசைத்தட்டை விநியோகித்த நிறுவனத்துக்கு 1989-இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதம் எழுதினார். 1990-இல் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி 2 லைவ் க்ரூ குழுவின் தொகுப்பு ஒன்றை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் 1992-இல் அது ரத்தானது. பிள்ளைகளைப் பற்றிய அச்சம் பாட்டோடு நிற்கவில்லை. 1995-இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிஞர், ஈவிரக்கமற்ற இளங்குற்றவாளிகளின் அலை ஒன்று வரப்போகிறது என்று எச்சரித்து, அவர்களுக்கு 'சூப்பர் பிரிடேட்டர்' என்று பெயரும் வைத்தார். சிறுவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றங்களில் நிறுத்தும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாகக் கடுமையாயின.

அந்த அலை வரவில்லை. அமெரிக்காவில் 1991-இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 என்றிருந்த கொலை விகிதம் 2014-இல் ஏறக்குறைய 4.5 ஆகக் குறைந்தது. வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறார்கள் கைதாகும் விகிதம் 1994-இல் உச்சத்தைத் தொட்டு, அடுத்த 20 ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் ஹிப்-ஹாப் குறுகவில்லை, பெருகியது. 2017-இல் ராக் இசையை முந்தி அந்நாட்டில் அதிகம் கேட்கப்படும் இசை வகையானது. தன் கணிப்பு பொய்த்ததை டியூலியோவே ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குள் சிறைக்குப் போன பிள்ளைகளின் ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

குற்றம் குறைந்ததை வைத்து, பாட்டுக்கு எந்த விளைவும் கிடையாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சனும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஐந்து சோதனைகளில் 500-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். வன்முறை வரிகள் கொண்ட பாட்டைக் கேட்டவுடன் அவர்களுக்குள் பகையுணர்வும் அது சார்ந்த எண்ணங்களும் கூடின. ராக் பாட்டுகளும் அதைச் செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டவுடன் மனதில் எழுவது எவ்வளவு நேரம் நிற்கும், அது செயலாக மாறுமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

அதே 2003-இல் அலபாமாவில் 14 முதல் 18 வயது வரையுள்ள 522 கறுப்பினச் சிறுமிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. ராப் வீடியோக்களை அதிகம் பார்த்தவர்கள் ஆசிரியரை அடித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. கைதாகியிருக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. பள்ளியோடு ஏற்கெனவே மனம் முறிந்த பெண், தன் கோபத்துக்கு ஏற்ற பாட்டைத் தேடிப் போயிருக்கலாம். குடை பிடித்தவர்கள் அதிகம் என்பதால் குடைதான் மழையை வரவழைத்தது என்போமா?

வளர்ப்பின் பக்கம் வருவோம். "பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார்" என்று நம் ஊரில் சொல்லும்போது அந்தச் சொல் நேராகத் தாயின் மேல் போய் விழும். அமெரிக்காவிலும் அப்படித்தான். அப்பா இல்லாத வீடு, இரண்டு வேலை பார்க்கும் அம்மா என்று பழி அங்கே போய் உட்காரும். வீட்டில் கண்டிப்பும் கனிவும் சேர்ந்தே இருந்தால் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள் என்று உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலிருந்தே எழுதிவந்தார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பதின்வயதுப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே வாழ்வதில்லை. உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். தனியாக ஆடும்போது நிதானமாக நிறுத்திய 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் துணிந்து ஓட்டினார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது பாட்டும் இல்லை, அம்மாவும் இல்லை. பக்கத்தில் நின்ற கூட்டாளிகள்தான்.

அந்தக் கூட்டாளிகள் நிற்கும் தெருவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர். சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா, உங்கள் வாசலில் அடிதடி நடந்தால் விலக்குவார்களா என்று விசாரித்தார்கள். "கேட்பார்கள், விலக்குவார்கள்" என்ற பதில் அதிகம் வந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. 1997-இல் இது வெளியானது. எதிர்வீட்டுப் பெரியவர் "டேய், ஸ்கூலுக்குப் போகலையா?" என்று அதட்டிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வளர்ப்பு என்பதை ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டதில்தான் பிழை தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு சான்று உண்டு. 1990-களில் நியூயார்க், சிகாகோ உட்பட ஐந்து நகரங்களில், கடும் வறுமைப் பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்கு மாற அரசு வாடகை உதவி தந்தது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் பின்னாளில் கண்டார்கள். குற்றம் தொடர்பான முடிவுகள், குறிப்பாகப் பையன்களிடம், கலவையாகவே இருந்தன. வயது கடந்து மாறியவர்களுக்கும் பெரிய பலன் இல்லை. ஆனால் சிறு பிள்ளைகள் விஷயத்தில் தாய் அதே தாய்தான், வானொலியும் அதே நகரத்து வானொலிதான். தெரு மட்டுமே மாறியது.

சிகாகோவின் தென்பகுதியில் பிறந்த 'டிரில்' என்ற ராப் வகை துப்பாக்கியும் பழிவாங்கலுமாகவே ஒலிக்கும். ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் என்ற சமூகவியலாளர் அந்த இளைஞர்களோடு நெடுநாள் பழகி 2020-இல் ஒரு நூல் எழுதினார். வீடியோவில் காட்டும் வீரத்தில் பெரும்பங்கு மிகைப்படுத்தல் என்று அதில் காட்டுகிறார். வேறு வேலைக்கு வழியில்லாத பகுதியில், பார்வையாளர்களின் கவனமே அவர்களுடைய மூலதனம். ஆனால் நடிப்புக்கும் விலை உண்டு. எதிர்க்குழு அதை மெய்யென்று எடுத்துக்கொண்டால் உயிர் போகும், போலீஸ் எடுத்துக்கொண்டால் வழக்கு வரும். ராப் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம்போல் நீதிமன்றத்தில் வாசிக்கும் வழக்கத்துக்குக் கலிஃபோர்னியா 2022-இல் சட்டம் இயற்றிக் கடிவாளம் போட்டது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. மலேசியத் தமிழர் யோகி பி-யின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வந்ததிலிருந்து ராப் தமிழிலும் வேர்விட்டது. வடசென்னைப் பையன் முடியில் நிறம் பூசி, கானா பாடினால், ஒரே சொல்லில் அவனை 'புள்ளிங்கோ' என்று ஒதுக்கவும் கற்றுக்கொண்டோம். கேரி ஃபிரைடின் தாளை நம் கையில் கொடுத்தால் நாம் என்ன எழுதுவோம் என்று யோசிக்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஹிப்-ஹாப் பிறந்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ். ஊரின் நடுவே நெடுஞ்சாலை வெட்டியதில் குடும்பங்கள் சிதறின. எஞ்சிய கட்டடங்கள் தெருத்தெருவாக எரிந்தன. இளைஞர் கும்பல்கள் எல்லை வகுத்துக்கொண்டன. 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலின் சமாதானத் தூதராக இருந்த பிளாக் பெஞ்சி, ஒரு சண்டையைத் தடுக்கப் போய் அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்கத் துடித்தவர்களிடம் அவருடைய தாய், வேண்டாம், என் பிள்ளை சமாதானத்துக்காகவே வாழ்ந்தான் என்றார். கும்பல் தலைவர்கள் ஹோ அவென்யூவில் கூடி உடன்படிக்கை செய்தார்கள். அது முழுமையாக நிலைக்காவிட்டாலும், அடுத்த தெருவுக்குப் போய்வரும் துணிச்சல் பிள்ளைகளுக்கு மெல்ல வந்தது.

20 மாதம் கழித்து, 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்ககத்தின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம் அது. இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் சிண்டியின் 18 வயது அண்ணன் கிளைவ். டிஜே கூல் ஹெர்க் என்று பின்னர் உலகம் அறிந்தவர். ஆட்டத்துக்கு ஏற்ற தாளப் பகுதி வந்ததும் கூட்டம் துள்ளுவதைக் கவனித்து, அந்தப் பகுதியையே நீட்டிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்தியது அப்பாவின் ஒலிபெருக்கி.