விசையும் மரமும்

மழைக்காலத்தில் குச்சனூரில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதை நாம் அறிவோம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இச்சிறு உண்மை ஒரு துப்பாக்கியின் அமைப்பையே மாற்றியது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இஷாப்பூரில் செய்யப்பட்ட .303 லீ-என்பீல்டு துப்பாக்கியில் போல்ட்டை மூடும்போது சுருள்வில் இறுகும். அதை ஒரு கொக்கி பிடித்து நிறுத்தும். விசையின் தலையில் இரு மேடுகள் உண்டு. முதல் மேடு கொக்கியை மெல்ல நகர்த்தும். இரண்டாவது அதை விடுவிக்கும்.

இதில் விசை, மரத்தின் அடியிலுள்ள காப்பு வளையத்தில் பொருத்தப்பட்டிருந்தது. கொக்கியோ மேலே இரும்பு உடலில். ஆகவே இடையிலிருந்த மரம் உப்பினாலும் சுருங்கினாலும் விசையின் இழுப்பு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நான்காம் எண், இரண்டாம் மார்க் வகையில் விசையையும் உடலிலேயே தொங்கவிட்டனர். குறை தீர்ந்தது.

இன்று தனியே விற்கப்படும் மாற்று விசைகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். திருகாணியைத் திருகி இழுப்பைக் குறைக்கலாம். ஆனால் கொக்கியின் பிடி மிகக் குறைந்தால், துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடித்துவிடக்கூடும். ஆதலால் பொருத்தியபின், தோட்டா இல்லாமல் போல்ட்டை வேகமாக அடித்து மூடி, பிடி நழுவுகிறதா என்று சோதிப்பர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். மென்மையான விசை குறிக்கு உதவும். நழுவாத விசையே உயிருக்குக் காவல்.