சூரை மீனும் சுத்தமான போத்தலும்

திருகோணமலைத் துறைமுகத்தையடுத்த கொட்பே மீன்பிடித் துறையிலே பலநாட் கலங்கள் வந்தணையும் காட்சியை வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். வாரக்கணக்கில் ஆழ்கடலில் அலைந்தோர் கொணர்ந்த சூரை மீன்கள் பனிக்கட்டி அறைகளினின்று கரையேறுகின்றன. அவற்றுள் ஏற்றுமதிக்குத் தேர்ந்தவை கொழும்புப் பக்கத்துப் பதனிடும் நிலையங்களுக்குச் சென்று, பின்னர் கடல் கடக்கின்றன. அந்தப் பயணத்தின் நடுவே, மீனின் தலைவிதியை ஒரு மெல்லிய உருக்குக் குழாய் நிர்ணயிக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ?

சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் இயல்பாகவே மிகுதி. பிடித்த மீன் குளிரின்றிக் கிடந்தால், பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதனை உண்டோருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் அரிக்கும். மூக்கு எப்போதும் இதனைக் காட்டிக் கொடுப்பதில்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழிவதுமில்லை. இல்லத்தரசிகள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

ஐரோப்பிய ஒன்றியத்தார் ஒரு தொகுதி மீனிலிருந்து ஒன்பது மாதிரிகளை எடுத்துச் சோதிக்க வேண்டுமென்கின்றனர். அவற்றின் சராசரி, கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தாண்டலாகாது. இரண்டு மாதிரிகள் மட்டும் 100க்கும் 200க்கும் இடைப்படலாம். எதுவும் 200ஐ மீறலாகாது. இதனை அளக்கும் முறையே உயர்திறன் திரவ நிறப்பகுப்பு.

பெயர் அச்சுறுத்தினும் கருத்து எளிது. 1903ஆம் ஆண்டில் வார்சோவில் மிக்கேல் சுவெற் என்ற ருஷ்யத் தாவரவியலார், பச்சிலைச் சாற்றைப் பொடி அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பிரிக்கும் முறையை விளக்கினார். பச்சையும் மஞ்சளும் வெவ்வேறு வளையங்களாகப் பிரிந்து நின்றன. (அவர் பெயருக்கு ருஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள்!) இன்றைய குழாய் உருக்கினாலானது, பெரும்பாலும் 15 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம், உள்விட்டம் 4.6 மில்லிமீற்றர். உள்ளே நுண்ணிய சிலிக்கா மணிகள். ஒவ்வொன்றும் 5 மைக்ரோமீற்றர் அளவே. அவற்றினூடே திரவத்தைத் தள்ள, மோட்டார் வண்டிச் சக்கரக் காற்றினும் ஏறத்தாழ நூறு மடங்கு அமுக்கம் தேவைப்படுவதுண்டு.

இத்தகைய நெருக்கத்தில் ஒரு தூசியும் பகையே. ஆதலால் நீரையும் அசற்றோநைத்திரைல் அல்லது மெதனோல் போன்ற கரைப்பான்களையும் 0.45 மைக்ரோமீற்றர் அல்லது அதனினும் சிறிய துளையுள்ள மென்தாளில் வடிகட்டுகின்றனர். அரை லீற்றர் நீருடன் அரை லீற்றர் மெதனோலைக் கலந்தால் ஒரு லீற்றர் வராது. சற்றுக் குறையும், சூடும் ஏறும். அசற்றோநைத்திரைலோ கலக்கும்போது குளிரும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்த பின்னரே ஒன்றாக்கல் வேண்டும். அளவு பிசகினால் ஹிஸ்டமின் வெளிவரும் நேரமும் பிசகும்.

அடுத்த பகை காற்று. கரைந்துள்ள காற்று பம்பினுள் குமிழாகி, திரவத்தின் ஓட்டத்தைத் தடுமாறச் செய்யும். வெற்றிடத்தினாலோ ஹீலியம் வாயுவைச் செலுத்தியோ அதனை அகற்றுவர். உப்புக் கலந்த நீர்க்கரைசலையோ புதிதாகவே ஆக்கல் நன்று. நாட்கணக்கில் வைத்தால் அதிலும் பற்றீரியா வளரும். ஊறுகாய்ப் பரணியில் ஈரக்கை வைக்க விடாத நம் பாட்டிமார் இந்த ஆய்வுகூடங்களிலே நன்கு தேறியிருப்பர் என்பது நமது எண்ணம்.

குழாயையும் பழக்க வேண்டும். மாதிரியை இடுமுன் அதன் கொள்ளளவைப் போற் பத்து மடங்கேனும் கரைப்பான் ஓடவேண்டும். 25 சென்ரிமீற்றர்க் குழாயானால், நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர் வீதம் ஏறத்தாழ அரைமணி நேரம். பொறுமையற்ற மாணவர் இங்கேதான் தவறுகின்றனர். நாம் அறிந்த ஓர் இளைஞர், பொஸ்பேற்று உப்புக் கரைசல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அவசரப்பட்டுத் தனி அசற்றோநைத்திரைலைச் செலுத்தினார். கரைந்திருந்த உப்பு உள்ளேயே படிகமாயிற்று; அமுக்கம் எகிறியது; விலையுயர்ந்த குழாய் ஒரே பிற்பகலில் அடைபட்டது. முதலில் பெருமளவு நீராலே கழுவியிருப்பின் இது நேர்ந்திராது.

அடைபட்ட குழாய் கண்ணுக்குத் தெரியும் நட்டம். அசுத்தமான கரைப்பான் செய்வது அதனினும் கொடிது. ஹிஸ்டமின் தோன்றவேண்டிய இடத்திலே வேறொரு மாசு முகடாய் எழுந்தால், நல்ல மீனும் விலக்கப்பட்டு, கடலில் உழைத்தவன் கூலி போகும். மாறாக, ஓட்டம் பிசகி ஹிஸ்டமினின் முகடு இடம்மாறினால், அது கணக்கில் தப்பி எங்கோ ஒரு குழந்தையின் தட்டிலே விழும். இதனாலேயே கவனமுள்ள ஆய்வாளர், மீனே சேராத வெற்றுக் கரைசலையும், அளவு அறிந்த ஹிஸ்டமின் கரைசலையும் முதலில் ஓட்டிப் பார்த்த பின்னரே மீனின் மாதிரியைத் தொடுகின்றனர்.

வேலை முடிந்தபின் உப்பு நீங்கக் கழுவி, அசற்றோநைத்திரைல் நிரப்பி, குழாயின் இரு முனைகளையும் இறுக மூடி வைப்பர். கொட்பேயில் மறுநாட் கலங்கள் வந்து சேருகையில், அங்கே வெற்றுக் கரைசல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும்.